மஞ்சள் துணிக்கும் தடுப்புக்கும் நடுவில்

கண்ணு,

ஓசூரில் மார்கழிப் பனி இறங்கிவிட்டது. காலையில் வாசலில் வந்து நின்றால் எதிர்வீடு இல்லை, தெருவும் இல்லை. உன் அப்பாவின் இருமல் சத்தத்தை வைத்துத்தான் மாட்டுக்கொட்டகை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்கிறேன். அந்த இருமலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். கோபத்தில் எழுதிய கடிதத்திலும் உன் எழுத்து கோடு போட்டதுபோல நேராக இருக்கிறது. காய்ச்சல்காரன் கையால் அப்படி எழுத முடியாது.

அந்தக் கடிதம் புதன்கிழமை வந்தது. அப்பாவை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். நூல் மில்லில் வேலை செய்யும் ஜெயம்மாவைக் கட்டிக்கொள்ளப் போகிறாய் என்பதையும், அவள் கன்னடம் பேசும் வீட்டுப் பெண், நம் ஜனம் இல்லை என்பதையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்கள் பதில் வராவிட்டால் அடுத்த நாளே பெங்களூரில் ஒரு கோயிலில் நண்பர்களை வைத்து முடித்துக்கொள்வோம் என்றும் எழுதியிருந்தாய். "வருவதானால் வாருங்கள்" என்று கடைசியில் ஒரு வரி. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னொரு வாட்டி படி" என்றார். படித்தேன். எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. விடிவதற்கு முன்பே எழுந்து, வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, "வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பனிக்குள் போய்விட்டார். பண்ணைக்குப் புல்வண்டி ஓட்டப் போகிறவர் வெளுத்த சட்டை போட மாட்டார். எங்கே போனார் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னோடு சண்டைக்குத்தான் பெங்களூர் பஸ் ஏறிவிட்டாரோ என்று வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

அவர் பேசாமல் இருப்பதை நீ "மாட்டேன்" என்று எடுத்துக்கொள்வாய். உன்னை எனக்குத் தெரியும். அதனால்தான் வீட்டு வேலையைப் போட்டது போட்டபடி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாளைக் காலை பெங்களூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் உன் கைக்கு வந்துவிடும். நிதானமாகப் படி. எனக்கும் வருத்தம் இருக்கிறது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ எங்களைக் கேட்கவில்லை, எங்களுக்குத் தெரிவித்தாய். அந்தப் பெண்ணின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அவள் பெயரைப் படித்தபோது எனக்கு ஆசையாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. மார்கழி மாதத்தில் யாரடா கல்யாணம் செய்கிறார்கள் என்று சிரிப்பும் வந்தது. இவ்வளவும் ஒன்றாக வந்தால் ஒரு மனுஷி எப்படி உடனே பதில் எழுதுவாள்?

உனக்கு ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். நீ கிருஷ்ணகிரி விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சூளகிரி தாண்டிக் கிருஷ்ணகிரி போகிற பெரிய ரோட்டில் ஒரு காட்டோடைப் பாலம் மழையில் உடைந்துபோனது உனக்கு நினைவிருக்கும். அங்கே அப்பாவும் நானும் வேலை பார்த்தோம் என்பதும் தெரியும். என்ன வேலை, எப்படிப் பார்த்தோம் என்று நீ கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. நீ லீவுக்கு வந்தபோது பாலம் கட்டி முடிந்து, பஸ்கள் பழையபடி மேலே ஓடிக்கொண்டிருந்தன.

பாலம் உடைந்ததும் பக்கத்திலேயே ஓடைக்குள் இறங்கி ஏறுகிற மாதிரி ஒரு மண்பாதை வெட்டினார்கள். ஒரு வண்டி போகிற அகலம்தான். நடுவில் ஒரு பெரிய பாறை. பாதை அதைச் சுற்றி வளைந்து போகும், இந்த முனையில் நிற்பவருக்கு அந்த முனை தெரியாது. இரண்டு முனையிலும் மூங்கில் தடுப்பு வைத்து, ஒரு பக்கத்து வண்டிகளை விட்டு முடித்த பிறகு அடுத்த பக்கத்தை விட வேண்டும். ஓசூர்ப் பக்கம் மேடு, அங்கிருந்து செங்குத்தாக இறங்குகிற இடத்தில் தடுப்பு. அந்த முனையில் நான். கிருஷ்ணகிரிப் பக்கம் கீழ் முனையில் உன் அப்பா. என்னை ஏன் எடுத்தார்கள் என்றால், என் பிறந்த வீட்டில் தெலுங்கு, உன் அப்பா வீட்டில் தமிழ், சந்தையில் கன்னடம். வருகிற வண்டிக்காரன் எந்த மொழியில் திட்டினாலும் அந்த மொழியிலேயே திருப்பிக் கொடுக்க நான் ஒருத்திதான் அங்கே இருந்தேன்.

ஓவர்சியர் நல்ல மனிதர், வெற்றிலை போட்டுக்கொண்டே எல்லாவற்றுக்கும் சிரிப்பார். எங்களுக்குப் பச்சைத் துணி ஒன்றும் சிவப்புத் துணி ஒன்றும் கொடுத்தார். கூடவே ஒரு கோல். ஒரு முழ நீளம், வேங்கை மரம், ஒரு பாதியில் சிவப்பும் மறுபாதியில் பச்சையும் பூசியது. இரண்டு முனைக்கும் அந்த ஒரு கோல்தான். "கடைசியா வுடற வண்டிக்காரன் கையில கோலக் குடுத்து அனுப்பணும். கோலு வந்து சேந்தாத்தான் அந்தப் பக்கம் தடுப்பத் தூக்கணும். கலெக்டரே வந்தாலும் கோலு வராம தூக்கக் கூடாது" என்றார். உன் அப்பா அந்த வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். உனக்குத்தான் தெரியுமே, அவருக்கு ஒன்றைப் புரியவைப்பது கஷ்டம், புரிந்த பிறகு அதை மாற்றுவது அதைவிடக் கஷ்டம்.

அந்த இடத்துப் பனியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும், கண்ணு. காலையில் ஓடை முழுக்கப் பனி நிரம்பிக் கிடக்கும். மேட்டிலிருந்து பார்த்தால் கீழே பாதையே இருக்காது, வெறும் வெள்ளை. தக்காளிக் கூடை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று லாந்தரை ஆட்டிக்கொண்டு அதற்குள் இறங்கும். மணிச்சத்தம் கொஞ்ச நேரம் கேட்கும், பிறகு அதுவும் இருக்காது. உலகமே முடிந்துவிட்டதுபோல ஒரு அமைதி. அப்புறம் எங்கிருந்தோ ஒரு உறுமல் கேட்கும், வெளிச்சம் மங்கலாகத் தெரியும், பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு லாரி ஏறி வரும். உள்ளே போன மாட்டுவண்டிதான் நடுவழியில் லாரியாக மாறிவிட்டது என்று எனக்குத் தோன்றும். பகல் முழுக்க அப்படி எதையாவது நினைத்துக்கொண்டு நிற்பேன். அந்த லாரிக்காரன் கையில் உன் அப்பா தொட்டு அனுப்பிய கோல் இருக்கும். சில நாள் அதன் நடுவில் நூலால் ஒரு டிசம்பர் பூ கட்டியிருக்கும். வீட்டில் எனக்குப் பூ வாங்கித் தராத மனுஷன், ஊர் பேர் தெரியாத லாரிக்காரன் கையில் பூ கொடுத்தனுப்புவார். "ஏனம்மா, நிம்ம யஜமான்ரு களிசித்தாரே" என்று கன்னடத்துக்காரர்கள், வீட்டுக்காரர் அனுப்பியிருக்கிறார் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே நீட்டுவார்கள். நான் முறைத்தபடி வாங்கிக்கொள்வேன். பாறைக்கு அந்தப் பக்கம் கண்ணில் படாமல் இருந்த அந்த மாதங்களில்தான் நாங்கள் இரண்டு பேரும் அதிகமாகப் பேசிக்கொண்டோம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆரம்பத்தில் ஒரு கஷ்டம் வந்தது. பச்சையை இறக்கிச் சிவப்பைத் தூக்கினால், அந்த நேரம் பார்த்து இறக்கத்தில் வருகிறவன் என்ன செய்வான்? நின்றால் பின்னால் வருகிறவன் மோதுவான், நிற்காவிட்டால் தடுப்பில் மோதுவான். தினமும் கூச்சல். ஓவர்சியர் மெட்ராசுக்குப் போய்வந்தவர், அங்கே நாற்சந்தியில் புதிதாக விளக்குக் கம்பம் நட்டிருக்கிறார்கள் என்றார். "பச்சைக்கும் செவப்புக்கும் நடுவுல ஒரு மஞ்சள் வெளக்கு எரியுதும்மா. நிக்கப் போற, தயாராயிக்கோன்னு அர்த்தம். நீயும் ஒரு மஞ்சத் துணி காட்டிட்டு அப்பறமா தடுப்ப எறக்கு." மஞ்சள் துணி ஸ்டோரில் இல்லை. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, மஞ்சளை அரைத்து முக்கிக் காயவைத்து, தடுப்புக்குப் பக்கத்தில், என் காவல் குடிசை வாசலில் இருந்த வேப்பமரக் கிளையில் கட்டினேன்.

அடுத்த நாள் பேரிகை ஊரிலிருந்து மாட்டுவண்டிகள் வந்தன. வேப்பமரத்தையும் அதில் தொங்குகிற மஞ்சள் துணியையும் பார்த்ததும் வண்டிகளைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். இறங்கிச் செருப்பைக் கழற்றினார்கள். ஒரு பெரியவர் அங்கிருந்தபடியே, "அம்மவாரு வச்சிந்தாம்மா?" என்று தெலுங்கில் கேட்டார். என் குடிசையில் அம்மை போட்டிருக்கிறது, அம்மன் வந்து இறங்கியிருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள்! இல்லை, இது வண்டி நிறுத்துகிற துணி என்று நான் மூன்று மொழியிலும் கத்துகிறேன், யார் நம்புகிறார்கள்? ஒரு பொம்பளை கேழ்வரகுக் கூழைக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் ஊற்றிக் கும்பிட்டுவிட்டு என்னைக் கண்ணெடுத்துப் பார்க்காமல் திரும்பிப் போனாள். அதே நேரம் பெங்களூர் லாரிக்காரர்கள் மஞ்சளைக் கண்டதும் மூடப்போகிறார்கள் என்று அழுத்திக்கொண்டு வந்தார்கள். ஒரே துணிதான். ஒருவர் வேண்டாத இடத்தில் நிற்கிறார், ஒருவர் நிற்க வேண்டிய இடத்தில் பறக்கிறார். நடுவில் நான் தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஓவர்சியர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு துணியை வேம்பிலிருந்து அவிழ்த்து ஒரு மூங்கிலில் கட்டினோம். பேரிகைக்காரர்கள் அதற்கும் போகிறபோக்கில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவார்கள்.

எவ்வளவு நேரம் மஞ்சளைக் காட்டுவது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி போகிற பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார், பெரிய மீசைக்காரர். அவருக்காக ஒரு நாள் கொஞ்சம் கூட நேரம் காட்டினேன். அடுத்த நாளிலிருந்து அவருக்கு அதுவே பாத்தியதை ஆகிவிட்டது. "மஞ்சத் துணி இன்னும் பறந்துகினுதானே இருக்குது? அப்ப போவலாம்" என்று நுழைந்துவிடுவார். சரி, குறைக்கிறேன் என்று குறைத்தால் பார வண்டிகள் தவித்துப்போகும். ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்து ஒவ்வொரு மாதிரி காட்டிப் பார்த்தேன். அது இன்னும் மோசம். இன்றைக்கு இந்தம்மா எப்படி இருப்பாளோ என்று எல்லோரும் என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள், துணியைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அது நடந்தது. பாலத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி மேட்டிலிருந்து இறங்கி வந்தது. நான் மஞ்சளைக் காட்டி, அதற்கு முந்தின வண்டியில் கோலையும் கொடுத்தனுப்பி, தடுப்பை இறக்கியாகிவிட்டது. வண்டிக்காரர் துணியைப் பார்த்துவிட்டார், கயிற்றை முழுப் பலத்தோடு இழுத்ததையும் நான் பார்த்தேன். ஆனால் இறக்கத்தில் பாரம் முழுவதும் மாடுகளின் கழுத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. மாடுகள் காலை ஊன்றியும் மண்ணோடு சறுக்கிக்கொண்டே வருகின்றன. மூங்கில் தடுப்பு முறிந்தது. அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஏறிக்கொண்டிருக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது. நல்லவேளையாக வண்டி பாறையில் இடித்துச் சாய்ந்தது. ஒரு மாட்டுக்குக் கொம்பு போய்விட்டது, மனிதர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வண்டிக்காரர் மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதார். நான் திட்டுவேன் என்று நினைத்திருப்பார் போல. என்னைப் பார்த்து, "நிக்கணும்னுதாம்மா நெனச்சேன். துணியப் பாத்தேன், கயித்த இழுத்தேன். வண்டி நிக்கலியேம்மா, நான் என்னா செய்வேன்" என்றார். அந்த வார்த்தை இன்றுவரை என் காதில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் உன் அப்பா வந்து பார்த்தார். அவர் சின்ன வயதிலிருந்து பார வண்டி ஓட்டியவர் அல்லவா? மேட்டுத் தலையிலிருந்து தடுப்பு வரைக்கும் சக்கரத் தடத்தின் மேலேயே நடந்துவந்தார். "நீ காட்டற எடம் சரியில்ல. இங்க வந்தப்பறம் வண்டிக்காரன் பேச்ச மாடு கேக்கும், மாட்டுப் பேச்ச வண்டி கேக்காது. மனச மாத்திக்க எடம் இருக்கற எடத்துல துணியக் கட்டு" என்றார். மறுநாள் மூங்கிலைப் பிடுங்கி மேட்டுத் தலையில் நட்டோம். நான் அங்கே மஞ்சளை ஏற்றிவிட்டு, தடுப்பை நோக்கி நடந்து இறங்குவேன். நான் நடந்து வந்து சேருகிற நேரம்தான் மஞ்சளுக்கு உள்ள நேரம். துணியைத் தாண்டிவிட்ட வண்டிகள் அதற்குள் ஓடைக்குள் இறங்கிவிடும், தாண்டாதவர்கள் சமதரையில் நின்றுகொள்வார்கள். யாருக்காகவும் நான் வேகமாக நடக்கவில்லை, யாருக்காகவும் மெதுவாக நடக்கவும் இல்லை. ஒரு வாரம் மீசைக்காரர் முறைத்தார். பிறகு அவரே பஸ்ஸை நிறுத்திவிட்டு உள்ளே திரும்பி, "அம்மா நடக்க ஆரம்பிச்சிருச்சு, இனிமே ஆவாது, எறங்கி டீ குடிக்கறவங்க குடிங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் அப்பாவைப் பற்றிச் சொன்னது பாதியாகிவிடும். ஒரு நாள் ஒரு லாரிக்காரன் கோலைக் கொடுக்க மறந்து அப்படியே கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோய்விட்டான். அந்த முனையில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. இவர் தடுப்பைத் தூக்க மாட்டேன் என்கிறார். கடைசி லாரி உன் கண் முன்னால்தானே போச்சு, இன்னும் என்ன என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். "கோலு வரல" என்பதைத் தவிர இவரிடம் பதில் இல்லை. யாரோ சட்டையைப் பிடித்துவிட்டார்களாம். அப்போதும் "கோலு வரல". மேலே நின்ற எனக்கு, நேரம் ஆகியும் வண்டி ஒன்றும் ஏறி வரவில்லையே என்று மனது என்னவோ செய்தது. தடுப்பை இறக்கிக் கட்டிவிட்டு, நானே ஓடைக்குள் இறங்கி, வண்டி புதையாமல் இருக்கச் சேற்றில் பனைமரச் சட்டங்கள் போட்டிருந்த இடத்தைத் தாண்டி, பாறையைச் சுற்றிக்கொண்டு போனேன். பனி அப்போதுதான் கலைந்துகொண்டிருந்தது. என் கால் சத்தத்தைக் கேட்டு அவர் திரும்பினார். சட்டைப் பொத்தான் அறுந்து தொங்குகிறது. "கோலு எங்க?" என்றார் என்னைப் பார்த்தும்! "நானே வந்துட்டேன், அப்பறம் கோலு எதுக்கு?" என்றேன். பிறகு சிரித்தார் பார், அந்த மாதிரி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "நீ வந்தா கோலு வந்த மாதிரிதான்" என்று தடுப்பைத் தூக்கிவிட்டார்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். உன் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே, அதைத் தடுப்புக்குப் பக்கத்திலேயே கட்டிவிட்டாய், கண்ணு. உன் அப்பா என்ன பாரத்தோடு வருகிறார் என்று உனக்குத் தெரியாது. நாகரசம்பட்டியில் உன் அத்தை, அவருடைய ஒரே தங்கை, தன் மகள் பிறந்த அன்றே "இவ உங்க வூட்டுக்குத்தான் அண்ணா" என்று சொன்னாள். இவரும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அதற்கு மேல் வெற்றிலை பாக்கு மாற்றவில்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு மாங்காய்ப் பருவத்திலும் அந்தத் தோப்பிலிருந்து நமக்குக் கூடை வரும்போதெல்லாம் அந்தத் தலையாட்டலும் கூடவே வந்தது. அந்தப் பெண்ணுக்கு உன்மேல் ஆசை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் தங்கையிடம் என்ன சொல்வது? இத்தனை வருஷம் ஏற்றிய பாரத்தை ஒரு கடிதத்தைப் படித்த உடனே எப்படி நிறுத்துவார்? புதன்கிழமை அவர் பேசாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியபோது அந்தக் கல்வண்டிக்காரர் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. உன் அப்பாவும் கயிற்றை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார். வண்டி இன்னும் நிற்கவில்லை.

உன்னைக் காலமெல்லாம் காத்திருக்கச் சொல்லவில்லை. மஞ்சளை நீட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று மீசைக்காரரிடம் படித்தவள் நான். உன் அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை, விட்டால் மூன்று வருஷம் யோசிப்பார், அதற்குள் ஜெயம்மாவுக்கு மனது விட்டுப்போகும். தை பிறக்கட்டும். அதுவரைக்கும் கொடு. அதற்கு மேல் ஒரு நாளும் நான் கேட்க மாட்டேன், அவர் கேட்டாலும் நீ கொடுக்காதே. அந்தப் பெண்ணிடமும் இதைச் சொல். நாளைக்கு நீங்கள் இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருக்கும்போது சண்டை வரத்தான் செய்யும். முடியாது என்று சொல்ல வேண்டிய நாளும் வரும். சொல்வதற்கு முன்னால் மேட்டுத் தலையில் ஒரு துணியைக் காட்டுங்கள், போதும். அவளுக்குக் கேழ்வரகுக் களி பிடிக்குமா என்று கேட்டு எழுது. கன்னடத்தில் எனக்குத் திட்டுவதற்குத்தான் அதிகம் வரும். கொஞ்சுவதற்கு நாலு வார்த்தை அவளிடமே கற்றுக்கொள்கிறேன்.

இதுவரை எழுதிவிட்டு விளக்கேற்ற எழுந்தேன். வாசலில் இருமல் சத்தம் கேட்டது. உன் அப்பா வந்துவிட்டார். கையில் ஒரு பை நிறைய அவரைக்காய். பெங்களூருக்குப் போனவர் அவரைக்காய் கொண்டுவர மாட்டார் என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. "நாகரசம்பட்டிக்கா?" என்றேன். ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"சொல்லிட்டேன்" என்றார்.

"என்னா சொன்னா?"

"அழுதா. ரொம்ப நேரம் அழுதா. அப்பறம் எழுந்து போயி அவரைக்கா பறிச்சிக் குடுத்தா."

காலைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "அந்த ஓடைக்கிட்ட பஸ்ஸு மெதுவா போச்சு" என்றார். பாலம் கட்டிய பிறகும் அந்த மேட்டுத் தலையில் யாரோ ஒரு கல்லை நட்டுக் குங்குமம் வைத்து, மூங்கிலில் மஞ்சள் துணி கட்டிவைத்திருக்கிறார்களாம். டிரைவர்கள் அங்கே வந்ததும் தானாக வேகத்தைக் குறைக்கிறார்களாம். என் துணிக்கு வந்த வாழ்வைப் பார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. உன் கடிதம் வந்த பிறகு இந்த வீட்டில் இப்போதுதான் சிரிப்புச் சத்தம்.

பிறகு அவர் எழுந்து பரணில் கையை விட்டுத் துழாவினார். பாலம் முடிந்தபோது ஓவர்சியர் எங்களிடமே விட்டுவிட்டுப் போன அந்தக் கோலை எடுத்தார். பச்சை போய்விட்டது, சிவப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தூசியைத் தட்டி, விளக்கெண்ணெய் தொட்டுத் தடவிக்கொண்டே, "எழுதிட்டியா?" என்றார். "எழுதிகினே இருக்கறேன். என்னா எழுதணும்?" என்று கேட்டேன்.

"கோலு வர்ற வரைக்கும் அந்தப் பக்கம் தடுப்பத் தூக்க வேணாம்னு எழுது."

"யாரு கொண்டு போறது?"

"கடைசி வண்டி யாரோ அவுங்கதான்" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கோலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "தை பொறந்ததும் மொத பஸ்ஸு. ரெண்டு பேருமே போவலாம். அந்தப் பொண்ணுக்கு இன்னா பூ புடிக்கும்னு கேளு" என்றார்.

கேட்டுவிட்டேன், கண்ணு. பதில் எழுது. அந்த முனையில் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நில். கோல் இங்கிருந்து கிளம்பிவிட்டது. பார வண்டி, மெதுவாகத்தான் வரும்.

மேட்டு முனையிலிருந்து,
உன் அம்மா